60 பேர், 710 சதுர அடி, ஒரு நிமிடம்

கேள்வி இதுதான்: "கடலூரில் ஒரு சுயநிதிக் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். இரண்டு வகுப்பறைகளை, வரிசையாகவும் குழுவாகவும் மாற்றி உட்காரக்கூடிய நெகிழ்வான வகுப்பறைகளாக மாற்ற நிர்வாகம் பணம் ஒதுக்கியிருக்கிறது. சக்கரம் வைத்த மேசைகள், ஏசி, இன்டராக்டிவ் பேனல் (தொட்டு எழுதும் பெரிய மின்திரை) என்று ஒரு கொட்டேஷனும் வந்துவிட்டது. அறைக்கு 60 மாணவர்கள். வகுப்பில் யாரும் வாயே திறப்பதில்லை என்பதுதான் எங்கள் கவலை. இந்தக் கொட்டேஷனுக்குச் சரி சொல்லலாமா?"

இப்போதைக்குச் சொல்லாதீர்கள். ஏன் என்று விரிவாகவே எழுதுகிறேன். ஏனென்றால் இதே கொட்டேஷனுக்கு ஒரு காலத்தில் சரி சொன்ன ஆள் நான்.

புதுச்சேரியில் 24 வருடம் இயற்பியல் நடத்தினேன். ஓய்வுக்கு முன்னும் பின்னுமாக மூன்று கல்லூரிகளில் வகுப்பறை மாற்றும் வேலையில் கூட இருந்திருக்கிறேன். அதில் முதலாவது முழுத் தோல்வி. சரிவக வடிவ மேசைகள், இரண்டைச் சேர்த்தால் அறுகோணம். எல்லாவற்றுக்கும் சக்கரம், பூட்டு. ஏசி போட்டதால் சன்னல்களை அடைத்தாயிற்று. திறப்பு விழா அன்று எடுத்த புகைப்படத்தில் அந்த அறை கல்யாண மண்டபம் மாதிரி ஜொலித்தது. மறுநாள் நான்தான் முதல் வகுப்பு எடுத்தேன். "குழுவாகப் பேசுங்கள்" என்றேன். பேசினார்கள். ஐந்தாவது நிமிடத்தில் பக்கத்துக் குழுவின் சத்தத்தை மீறிக் கேட்க வேண்டி எல்லோரும் குரலை உயர்த்தினார்கள். பத்தாவது நிமிடத்தில் அது புதுச்சேரி பேருந்து நிலையம். அடுத்த அறைப் பேராசிரியை கதவைத் தட்டி, "சார், கொஞ்சம்..." என்றார்.

அடுத்த ஹவருக்கு, அதாவது அடுத்த பாடவேளைக்கு, வந்த ஆசிரியருக்கு வரிசை வேண்டும். மேசைகளைத் திருப்பி அடுக்கவே ஏழெட்டு நிமிடம் போயிற்று. மூன்றாம் நாள் அவர் அட்டெண்டரைக் கூப்பிட்டு, "இனிமேல் வரிசையிலேயே வைத்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டார். அவர் மேல் தப்பில்லை. மழைக்காலம் முடிவதற்குள் சக்கரப் பூட்டுகளில் துரு ஏறி, மேசைகள் நின்ற இடத்திலேயே நின்றன.

அதிலிருந்து நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று. நெகிழ்வு என்பது மரச்சாமானின் குணம் இல்லை, நேரக் கணக்கு. 50 நிமிட ஹவரில் வருகைப் பதிவுக்கு ஐந்து நிமிடம் போகிறது. மாணவர்கள் கரும்பலகையைப் பார்ப்பதிலிருந்து ஒருவரை ஒருவர் பார்ப்பதற்கு மாற ஐந்து நிமிடம், மறுபடி பழைய நிலைக்கு வர ஐந்து நிமிடம் என்றால், எந்த ஆசிரியரும் இரண்டாவது வாரம் அதைச் செய்ய மாட்டார். இந்த மாற்றம் ஒரு நிமிடத்துக்குள், நீங்கள் கத்தாமல் நடக்க வேண்டும். கொட்டேஷனில் உள்ள ஒவ்வொரு பொருளையும் இந்த ஒரு நிமிடத்துக்கு எதிரே வைத்துப் பாருங்கள். பாதி தானாகக் கழன்றுவிடும்.

சரி, இதெல்லாம் வேண்டுமா, பேசாமல் லெக்சர் எடுத்துவிட்டுப் போகலாமே என்று உங்கள் எச்.ஓ.டி. (துறைத் தலைவர்) கேட்பார். அவருக்குச் சொல்ல ஆதாரம் இருக்கிறது. 2014-இல் ஸ்காட் ஃப்ரீமன் குழுவினர் அறிவியல், பொறியியல், கணித வகுப்புகளில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். லெக்சர் மட்டும் கேட்ட வகுப்புகளில் தோற்றவர்கள் சராசரியாக 33.8 சதவீதம், மாணவர்களும் ஏதாவது செய்த வகுப்புகளில் 21.8 சதவீதம். அரியர் எண்ணிக்கையில் இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று அவருக்கே தெரியும்.

ஆனால் அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நேர்மை இல்லை. மேலே சொன்ன பலன் பாடம் நடத்தும் முறையால் வந்தது, அறையால் அல்ல. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒரே உயிரியல் பாடத்தை, ஒரே செயல்பாட்டு முறையில், ஆடம்பரமான புது அறையிலும் சாதாரண அறையிலும் நடத்திப் பார்த்தார்கள். 2016-இல் முடிவு வெளிவந்தது. கற்றலில் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வுகள் வேறு ஒரு பக்கத்தைக் காட்டின: வட்ட மேசை அறைக்குள் போனால் ஆசிரியரின் பழக்கமே மாறுகிறது, மேடையருகே நிற்பது குறைந்து, மாணவர்களுக்கு நடுவே நடப்பது கூடுகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குப் புரிவது, அறை பாடம் நடத்தாது, நடத்துகிறவரின் கைகால் கட்டை அவிழ்த்துவிடும், அவ்வளவுதான். அந்தக் கட்டை அவிழ்க்க லட்சங்கள் தேவையில்லை.

இப்போது உங்கள் அறைக்கு வருவோம். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏஐசிடிஇ) கணக்குப்படி 60 பேர் வகுப்பறைக்கு 66 சதுர மீட்டர். சுமார் 710 சதுர அடி. கலை அறிவியல் கல்லூரிகளிலும் பெரும்பாலும் இதை ஒட்டித்தான் இருக்கும். ஆளுக்கு 1.1 சதுர மீட்டர், அதாவது 12 சதுர அடிகூட இல்லை. வட்ட மேசை அறைக்கு முன்னோடி, வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் பைக்னர் 1990-களில் உருவாக்கிய ஸ்கேல்-அப் முறை. ஏழு அடி விட்டமுள்ள மேசை, அதில் ஒன்பது பேர், மூன்று மூன்றாக மூன்று குழு. அருமையான ஏற்பாடு. ஆனால் அந்த மாதிரி அறைக்கு ஆளுக்குச் சுமார் 2 சதுர மீட்டர் வேண்டும். உங்கள் அறையில் 30 பேருக்குத்தான் அது பொருந்தும். 60 பேரை அதில் அடைத்தால் மேசை நகராது, மாணவர்தான் நசுங்குவார். கொட்டேஷன் கொடுத்தவர் உங்கள் அறையை டேப் வைத்து அளந்தாரா என்று கேளுங்கள். பெரும்பாலும் கேட்டலாக் படத்தைத்தான் அளந்திருப்பார்.

முதல் வேலையாகச் சிமெண்ட் மேடையை உடையுங்கள். 6 மீட்டர் அகல அறையில் ஆறடி ஆழ மேடை என்றால் கிட்டத்தட்ட 11 சதுர மீட்டர், அறையில் ஆறில் ஒரு பங்கு. சக்கர நாற்காலியில் வரும் மாணவர் கரும்பலகையைத் தொட முடியாமல் போவதும் அந்த மேடையால்தான். உயரம் குறைந்த ஆசிரியர்கள் ஆட்சேபிப்பார்கள், அதில் நியாயம் உண்டு. அவர்களுக்கு ஒரு சின்ன மரப்பலகை செய்து கொடுத்தால் போதும்.

அடுத்து உட்காரும் சாமான். இங்கே நான் சொல்லப்போவது உங்கள் நிர்வாகத்துக்குப் பிடிக்காது. நமது ஊர்ப் பழைய அரசுக் கல்லூரிகளில் முதுகு இல்லாத நீள பெஞ்சும் தனியான டெஸ்க்கும் இருக்குமே, அதைவிட நெகிழ்வான சாமான் இந்த 710 சதுர அடிக்குக் கிடையாது. பெஞ்சில் திரும்பி உட்கார்ந்தால் முடிந்தது. முன்வரிசை பின்வரிசையைப் பார்க்கிறது, நடுவில் பின்வரிசையின் டெஸ்க். இந்தப் பக்கம் மூவர், அந்தப் பக்கம் மூவர். ஒரு மேசை நகரவில்லை, கீச்சென்ற சத்தமில்லை, இருபது விநாடி. நாம்தான் அதை ஏலத்தில் கொடுத்துவிட்டு, இருக்கையும் டெஸ்க்கும் ஒரே குழாயில் வெல்டிங் செய்த டூயல் டெஸ்க்கை வாங்கி வைத்தோம். அதில் உட்கார்ந்தவர் திரும்ப வேண்டுமானால் கழுத்தைத்தான் திருப்ப வேண்டும்.

முதுகு வலிக்காதா? வலிக்கும். ஒரு நாளைக்கு ஐந்து ஹவர் முதுகில்லாத பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள், நான்காவது ஹவரில் பாடம் காதில் ஏறாது. ஆனால் எல்லா வரிசைக்கும் இது தேவையில்லை. இரண்டு இரண்டு வரிசையாக ஜோடி சேருங்கள். ஜோடியில் முன்வரிசை மட்டும்தான் திரும்புகிறது, அதற்கு மட்டும் முதுகு இல்லாத பெஞ்ச். பின்வரிசை திரும்பப் போவதில்லை, அதற்கு முதுகு வைத்தே செய்யலாம். வாரம் ஒருமுறை முன்பின் மாறி உட்காரட்டும்.

அளவு சொல்கிறேன். அறை 11 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் 2 மீட்டர் உங்களுக்கு. மீதி 9 மீட்டரில் 10 வரிசை. வரிசைக்கு மூவர் பெஞ்ச் இரண்டு, ஒவ்வொன்றும் ஐந்தரை அடி. ஆக 60 பேர். வரிசைக்குச் சராசரி 90 சென்டிமீட்டர் கிடைக்கிறது. அதை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பிரிக்காதீர்கள். திரும்பும் பெஞ்சுக்கும் அதற்குப் பின்னால் உள்ள டெஸ்க்குக்கும் நடுவே முழங்கால் நுழைய ஒரு சாண் வேண்டும். அங்கே ஒரு மீட்டர் கொடுத்து, ஜோடிக்கும் அடுத்த ஜோடிக்கும் இடையே 80 சென்டிமீட்டராகக் குறையுங்கள். ஒரு பெஞ்சில் மூவருக்கு மேல் வேண்டாம். ஐந்து பேர் பெஞ்சில் நடுவில் மாட்டிய பெண் சேலையோடு பெஞ்சைத் தாண்ட முடியாது. மூவர் என்றால் ஓரத்தில் உள்ளவர் எழுந்து வழி விட்டால் போதும். அகலத்தில் மிச்சமாகும் 2.7 மீட்டர் நடுவிலும் இரு சுவர் ஓரத்திலுமாக நடைபாதை. சுவரோர நடை ஏன் என்று கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன்.

ரைட்டிங் பேட் நாற்காலியைப் பலர் சிபாரிசு செய்வார்கள். ஒரு செமினார் அறைக்கு, 40 பேருக்கு, அது நல்லதுதான். ஆனால் அந்தப் பலகையில் ரெக்கார்டு நோட்டும் கால்குலேட்டரும் சேர்ந்து நிற்காது. இடக்கைக்காரர் பாடு திண்டாட்டம். வாங்குவதானால் சிலவற்றை இடப்பக்கப் பலகையோடு கேட்டு வாங்குங்கள். எதை வாங்கினாலும் தேவனாம்பட்டினம் பக்கத்துக் காற்று உப்புக் காற்று என்பதை மறக்க வேண்டாம். சாதாரணப் பெயின்ட் அடித்த இரும்புக் குழாய் வெல்டிங் போட்ட இடத்தில்தான் முதலில் அரிக்கும். குழாயின் இரு முனையையும் மூடி, பவுடர் கோட்டிங் செய்யச் சொல்லுங்கள். காலுக்கு ரப்பர் புஷ் கட்டாயம். அந்தப் புஷ் இல்லாமல் டைல்ஸ் தரையில் ஒரு பெஞ்சை இழுத்துப் பாருங்கள், அடுத்த பத்தி எதற்கு என்று புரியும்.

சத்தம். வகுப்பறை மாற்றத்தில் யாரும் பணம் ஒதுக்காத விஷயம் இதுதான், என்னுடைய முதல் அறை செத்ததும் இதனால்தான். இயற்பியல்காரன் ஆனதால் கொஞ்சம் நீட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அறை ஒலியியல் என்ற துறையே ஒரு மோசமான வகுப்பறையில் பிறந்ததுதான். 1895-இல் ஹார்வர்டில் ஒரு புது விரிவுரை அரங்கில் பேராசிரியர் பேசுவது யாருக்கும் புரியவில்லை. வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் அதைச் சரி செய்யச் சொன்னார்கள். அவர் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கி வந்து அடுக்கி, எதிரொலி அடங்கும் நேரத்தை அளந்தார். எதிரொலி நேரம் என்பது 0.161 பெருக்கல் அறையின் கன அளவு, வகுத்தல் ஒலியை உறிஞ்சும் பரப்பு. இன்றும் அதே சூத்திரம்தான். அவர் அலகாக எதை எடுத்தார் தெரியுமா? திறந்த சன்னலை. திறந்த சன்னல் வழியாகப் போன ஒலி திரும்பி வராது, ஆகவே அது முழு உறிஞ்சி.

உங்கள் அறைக்குக் கணக்குப் போடுவோம். 66 சதுர மீட்டர், உயரம் 3.3 மீட்டர்; கன அளவு 218. பூச்சுச் சுவர், டைல்ஸ், கான்கிரீட் கூரை எல்லாம் சேர்ந்து உறிஞ்சுவது 7 சதுர மீட்டருக்குச் சமம், அவ்வளவு கஞ்சம். 60 மாணவர்களின் உடலும் உடையும் சுமார் 24. ஆக 31. எதிரொலி நேரம் 1.1 விநாடிக்கு மேல் வருகிறது. பேச்சு தெளிவாகக் கேட்க வகுப்பறையில் 0.6 விநாடிக்குள் இருக்க வேண்டும் என்று அமெரிக்கத் தரநிலை சொல்கிறது. சன்னல்களைத் திறந்தால் ஏழெட்டு சதுர மீட்டர் கூடுகிறது, 0.9-க்கு வருகிறது. ஏசிக்காக அடைத்தால் அதுவும் போச்சு. நான் செய்த தப்பு புரிகிறதா? பத்துக் குழு ஒரே நேரத்தில் பேசப்போகும் அறையில், இலவசமாகக் கிடைத்த ஒரே உறிஞ்சியையும் பணம் கொடுத்து மூடினேன்.

மீதிக் குறையை அடைக்க, மேலே விழும் ஒலியில் பத்தில் ஏழு பங்கை (0.7) உறிஞ்சும் பலகை 30 சதுர மீட்டர் இருந்தால் போதும். கூரையில் பாதிக்கும் கொஞ்சம் குறைவு. மினரல் ஃபைபர் சீலிங் வேண்டாம். ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் தொய்ந்து கறுப்புப் பூஞ்சை பிடிக்கும். சிமெண்டில் பிணைத்த வுட் வூல் (மர இழை) பலகை ஈரத்தைத் தாங்கும், ஃபேனுக்கு நடுவே சதுரம் சதுரமாகக் கூரையிலிருந்து கொஞ்சம் இடைவெளி விட்டுப் பொருத்தலாம். பின்சுவரில் துணி போர்த்திய சாஃப்ட் போர்டு, அதில் மாணவர் வேலையையும் குத்தி வைக்கலாம். அதற்கும் பணமில்லை என்றால் கனத்த ஜமக்காளங்களைச் சுவரிலிருந்து நாலு விரற்கடை தள்ளி, மடிப்போடு தொங்கவிடுங்கள். கேலியாகத் தெரியலாம், வேலை செய்யும். தெர்மாகோல் மட்டும் வேண்டாம். அது ஒலியை ஒழுங்காக உறிஞ்சாது, தீப்பற்றினால் சொட்டிச் சொட்டி எரியும். முட்டை அட்டையும் அப்படித்தான், பெயருக்குத்தான் சவுண்ட் ப்ரூஃப்.

ஏசியைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பதால் மூச்சையும் பார்த்துவிடுவோம். உட்கார்ந்திருக்கும் ஒருவர் மணிக்குச் சுமார் 18 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறார். 60 பேர், 218 கன மீட்டர், அடைத்த சன்னல். கணக்குப்படி 50 நிமிட ஹவர் ஒன்றில் காற்றில் பத்து லட்சத்துக்கு 4,000 பங்கு கூடும். கதவிடுக்கில் பாதி வெளியேறியது என்று வைத்தாலும் 2,000-ஐத் தாண்டும். வெளியே இருப்பது 420 சொச்சம்தான். ஸ்ப்ளிட் ஏசி உள்ளே இருக்கும் காற்றைத்தான் குளிர வைக்கிறது, புதுக் காற்றைக் கொண்டுவருவதில்லை. கடைசி பெஞ்ச் தூங்குவதற்குப் பாடம் மட்டும் காரணமில்லை.

நமது கரையில் மதியவாக்கில் கிழக்கிலிருந்து கடல்காற்று ஏறிவிடும். கிழக்கிலும் மேற்கிலும் எதிரெதிரே திறப்பு இருந்தால் அந்தக் காற்று அறையைக் கடந்து போகும். இதை எனக்குக் கண்கூடாகக் காட்டியது புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதி. அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்து, ஜார்ஜ் நகாஷிமா கூட இருந்து கட்டி, 1940-களில் முடிந்த கான்கிரீட் கட்டடம். சுவருக்குச் சுவர் திருப்பிவிடக்கூடிய சாய்வுத் தகடுகள். காற்று வரும், வெயில் வராது. அதை அப்படியே நகலெடுக்க முடியாது. ஆனால் சன்னலின் மேல் பாதியில் சாய்வுத் தகடு போட உள்ளூர்ப் பட்டறையே போதும். ஒரே சிக்கல், வடகிழக்குப் பருவமழையும் அதே கிழக்கிலிருந்துதான் அடிக்கிறது. 2011-இல் தானே புயலையும் 2024-இல் பெஞ்சலையும் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சன்ஷேடு இரண்டரை அடியாவது நீட்டியிருக்க வேண்டும். வெள்ளம் புகலாம் என்பதால் இரண்டு அறைகளையுமே தரைத்தளத்தில் தேர்ந்தெடுக்காதீர்கள், ஒன்றாவது மாடியில் இருக்கட்டும்.

இனி சுவர். சுவரோர நடை எதற்கு என்றால், மாணவர்கள் எழுந்து நின்று எழுத. கனடாவில் கணிதக் கல்வி ஆய்வாளர் பீட்டர் லில்யடால் வகுப்பறைகளில் சோதித்துச் சொன்னது: குலுக்கல் முறையில் மூவர் மூவராகப் பிரித்து, அழிக்கக்கூடிய சுவர்ப் பலகை முன் நிற்க வைத்து, மூவருக்கும் சேர்த்து ஒரே எழுதுகோல் கொடுத்தால், நோட்டில் எழுதுவதைவிடச் சீக்கிரம் வேலையைத் தொடங்குகிறார்கள், நீண்ட நேரம் விடாமல் செய்கிறார்கள். நோட்டில் எழுதினால் தப்பு நிரந்தரம். பலகையில் கையால் துடைத்துவிடலாம் என்ற தைரியம் இருக்கிறது. உங்களுக்கும் லாபம்: அறை நடுவில் நின்று ஒரு சுற்று திரும்பினால் எந்தக் குழு எங்கே மாட்டிக்கொண்டது என்று ஒரே பார்வையில் தெரியும். 60 நோட்டைப் புரட்டித் தெரிந்துகொள்ள முடியாதது இது.

உங்கள் அறையின் சுற்றளவு 34 மீட்டர். கதவு சன்னலைக் கழித்தால் 25 மீட்டர் சுவர் மிஞ்சும். 20 குழு, குழுவுக்கு நான்கு அடி. பொருந்துகிறது பாருங்கள். நேராகச் சுவரில் போர்டு பெயின்ட் அடித்தால் மலிவு, ஆனால் ஓதம் ஏறும் சுவரில் ஒரே மழைக்காலத்தில் உரியும். பளபளப்பான வெள்ளை லேமினேட் ஒட்டிய பிளைவுட் சில வருடம் ஓடும், பிறகு மை கறை தங்கும். பணம் இருந்தால் செராமிக் பூசிய எஃகுப் பலகை, அது உங்கள் ஓய்வுக் காலம் வரை வரும். பலகையின் கீழ் விளிம்பு தரையிலிருந்து இரண்டரை அடியில் இருக்கட்டும்.

"வாயே திறப்பதில்லை" என்று எழுதியிருந்தீர்கள். என் அனுபவத்தில் அதில் பாதி நாற்காலிச் சிக்கல் இல்லை, மொழிச் சிக்கல். பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, நெல்லிக்குப்பம் பக்கமிருந்து இரண்டு பஸ் மாறி வரும் பிள்ளைகள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. நீங்கள் ஆங்கிலத்தில் "எனி டவுட்ஸ்?" என்றால் 60 பேர் முன்னால் தப்பான ஆங்கிலத்தில் எழுந்து கேட்க யாருக்குத் துணிச்சல் வரும்? மூவர் குழுவில் அவர்கள் தமிழில் பேசுவார்கள். பேசட்டும். பலகையில் கலைச்சொல்லை மட்டும் ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். என் வகுப்பில் ஒரு பெண் மூன்று செமஸ்டர் வாய் திறக்கவில்லை. சுவர்ப் பலகை வந்த இரண்டாவது வாரம், பக்கத்தில் நின்றவனிடம், "அடேய், ரெசிஸ்டன்ஸ் கம்மியா இருக்குற வழியிலேயே கரண்ட் எல்லாம் போயிடுமா? ரெசிஸ்டன்ஸுக்குத் தக்கன பிரியும்டா" என்று சொல்வது என் காதில் விழுந்தது. மூன்று செமஸ்டராக எனக்கு முதுகுக்குப் பின்னால் இருந்த அறிவு அது.

ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்ற பழக்கம் உங்கள் கல்லூரியில் இருந்தால், குலுக்கல் குழு முதல் நாளில் சங்கடம் தரும். உட்கார வைத்தால் நெளிவார்கள். பலகை முன் நின்று வேலை செய்யும்போது அந்தச் சங்கடம் வெகுவாகக் குறைவதை நான் கவனித்திருக்கிறேன். வீட்டிலிருந்து கேள்வி வருமா என்று பிரின்சிபாலிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

மாணவர்களும் உடனே கொண்டாட மாட்டார்கள். "சார் பாடமே நடத்துறது இல்ல, எங்களையே செய்யச் சொல்றாரு" என்று ஃபீட்பேக் படிவத்தில் எழுதுவார்கள். 2019-இல் ஹார்வர்ட் இயற்பியல் வகுப்புகளில் லூயி டெலோரியே குழு இதை அளந்தே பார்த்தது. செயல்பாட்டு வகுப்பில் உட்கார்ந்தவர்கள் கூடுதலாகக் கற்றிருந்தார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாக நினைத்தார்கள். நல்ல லெக்சர் கேட்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி ஒரு சுகம். முயன்று தடுமாறும்போது அந்தச் சுகம் இல்லை. முதல் வாரமே இதை வகுப்பில் சொல்லிவிடுங்கள். முதல் இன்டர்னல் மதிப்பெண் வந்த பிறகு இன்னொரு முறை சொல்லுங்கள்.

பேனல் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. ஏற்கெனவே புரொஜெக்டர் இருந்தால் அதுவே போதும். பேனல் எல்லாக் கண்ணையும் மறுபடி ஒரே சுவருக்கு இழுத்துக்கொண்டு வரும் சாமான். சார்ஜர் பிளக்குகளைச் சுவரில் வையுங்கள், தரையில் பதிக்காதீர்கள். ஆயாம்மா தினமும் தண்ணீர் ஊற்றித் துடைக்கும் தரை அது.

கடைசியாக, ஆனால் கொட்டேஷனில் எங்கும் இல்லாத விஷயம்: டைம்டேபிள், தேர்வு, அட்டெண்டர். டைம்டேபிளில் இந்த அறைக்கு இரண்டு ஹவர் சேர்ந்தாற்போல வரும்படி கேளுங்கள். அறையை ஒரு துறைக்குப் பட்டா போட்டுக் கொடுக்காமல், விரும்பும் ஆசிரியர் பதிவு செய்து எடுத்துக்கொள்ளட்டும். விருப்பமில்லாதவரை அந்த அறைக்குள் தள்ளினால் அவர் வரிசையைத்தான் நிரந்தரமாக்குவார். செமஸ்டர் தேர்வுக்கு டெஸ்க்குகளைத் தள்ளிப் போட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை போட்டித் தேர்வு மையம் வேறு. திங்கட்கிழமை காலையில் அறை அலங்கோலமாக இருக்கும். அதற்கு ஒரு எளிய வழி: தரையில் இரண்டு நிறத்தில் பெயின்ட் புள்ளி. மஞ்சள் புள்ளியில் டெஸ்க் கால் நின்றால் தேர்வு வரிசை, பச்சைப் புள்ளியில் நின்றால் ஜோடி வரிசை. அட்டெண்டரை உட்கார வைத்து அவரிடமே புள்ளியை வைக்கச் சொல்லுங்கள். மூன்றாவது கல்லூரியில் நாங்கள் அப்படித்தான் செய்தோம். அங்கே அந்த அண்ணன் தப்பாக நிற்கும் டெஸ்க்கைப் பார்த்தால் பேராசிரியரையே பிடித்துக் கேட்பார், "சார், பச்சையில வைக்கலையே?"

பணத்தை எந்த வரிசையில் செலவழிப்பது என்றால், மேடை இடிப்பதும் புள்ளி வைப்பதும் கிட்டத்தட்ட இலவசம், அதை இந்த மாதமே. பிறகு சுவர்ப் பலகை, பிறகு கூரை, பிறகு பெஞ்ச். சன்னல் தகடு அடுத்த கோடை விடுமுறையில். இரண்டு அறையையும் ஒன்றாகத் தொடாதீர்கள். ஒன்றை ஒரு செமஸ்டர் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததில் கை வையுங்கள்.

கொட்டேஷனுக்குப் பதில் அனுப்பும் முன் ஒரு சோதனை. வருகிற வாரம் ஏதாவது ஒரு ஹவரில், இப்போது இருக்கும் பெஞ்சிலேயே, "பின்னால் இருப்பவர்களோடு பேசுங்கள்" என்று சொல்லிவிட்டுச் செல்போனில் நேரம் பாருங்கள். எல்லோரும் திரும்பிப் பேசத் தொடங்க எத்தனை விநாடி, மறுபடி உங்களைப் பார்க்க எத்தனை விநாடி என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து, மூன்றாவது வரிசையில் பேசுவது காதில் தெளிவாக விழுகிறதா என்று கேளுங்கள். திரும்புவது ஒரு நிமிடத்துக்குள் நடந்து, பேச்சு மட்டும் கசகசவென்று கேட்டால், சாமான் எதுவும் வாங்காமல் மொத்தப் பணத்தையும் சுவருக்கும் கூரைக்கும் கொடுங்கள். திரும்பவே இரண்டு நிமிடம் ஆகிறது என்றால் பழைய பெஞ்சுகள் ஸ்டோர் ரூமில் மிச்சம் இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்த எண்களை எழுதி அனுப்பினால் மேற்கொண்டு சொல்கிறேன்.